வண்டி நின்ற இடங்கள்

கும்பகோணத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம் தரகர் இன்று கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "என்ன வண்டி வெச்சிருக்கீங்க சார்?" என்பது. டூவீலர் என்றால் அன்றைக்கே நாலு வீடு காட்டுவார். கார் என்றால் பேச்சின் போக்கே மாறிவிடும். பைபாஸை ஒட்டிய புது நகர்களில் பார்க்கலாம் என்பார். அங்கே குடியேறினால் கடைத்தெரு தொலைவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தொலைவு. கோயில்களைச் சுற்றிய தெருக்களில் வீடு உண்டு, காற்று உண்டு, கிணற்றுத் தண்ணீரும் உண்டு. கார் நிறுத்த மட்டும் இடம் இல்லை. மாயவரம், மன்னார்குடி என்று பக்கத்து ஊர்களிலும் இதே கதைதான். காரணம் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: பழைய ஊர், குறுகிய தெரு, அந்தக் காலத்தில் வண்டி ஏது, இப்போது கார் பெருகிவிட்டது. இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்திலும் வண்டிகள் இருந்தன. ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஊர் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. அந்த இடத்தைப் பராமரிப்பதும் ஊரின் பொறுப்பாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பொறுப்பு சிறிது சிறிதாகக் கைவிடப்பட்டு, முழுச் சுமையும் வீட்டுக்காரர் தலையிலும் குடித்தனக்காரர் தலையிலும் வந்து விழுந்தது. இன்றைய நெருக்கடியின் வேர் அங்கே இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே அமைந்த இந்த ஊரின் பெரிய வீதிகளின் அகலத்தைத் தீர்மானித்ததே ஒரு வாகனம். சாரங்கபாணி கோயிலின் தேர் தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. அது வடம் பிடித்து நகர வேண்டும், முட்டுக்கட்டை போட்டு மூலையில் திரும்ப வேண்டும், எந்த வீட்டுக் கூரையையும் இடிக்காமல் வலம் வர வேண்டும். அதற்கு வேண்டிய அகலத்தில் வீதி விடப்பட்டது. ஓட்டம் முடிந்ததும் தேர் நிலைக்கு வந்து சேரும். அடுத்த திருவிழா வரை அங்கேயே நிற்கும். வருடத்தில் ஓரிரு நாள் மட்டுமே ஓடும் ஒரு வாகனத்துக்கு, மீதி நாளெல்லாம் நிற்பதற்கென்று ஊரின் நடுவிலேயே நிரந்தரமான இடம் தரப்பட்டது. அதை எந்த வீட்டு வாசலும் சுமக்கவில்லை. ஓடுகிற வழிக்கும் நிற்கிற இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஊர் தெளிவாக அறிந்திருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தேர் தெய்வத்தின் வாகனம், அதற்குச் செய்ததை மனிதர்களின் வண்டிக்குச் செய்வார்களா என்று கேட்கலாம். செய்தார்கள். வண்டிப்பேட்டை அதற்காகத்தான் இருந்தது.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் வண்டிப்பேட்டை என்ற பெயர் இன்றும் ஒரு தெருவுக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ இருக்கிறது. நெல்லும் விறகும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக வரும் கட்டை வண்டிகள் விடியலில் ஊர் எல்லையில் வந்து நிற்கும். நிழலுக்குப் புளியமரமோ வேப்பமரமோ இருக்கும். மாட்டை அவிழ்த்து, நுகத்தடியைத் தரையில் தாழ்த்தி, வைக்கோலைப் பிரித்துப் போட்டுவிட்டு, தொட்டியில் தண்ணீர் காட்டுவார்கள். லாடம் அடிக்கிறவரும் அச்சுக்கு மை போடுகிறவரும் அங்கேயே தொழில் செய்வார்கள். சரக்கு மண்டிக்குப் போகும். வண்டி பேட்டையில் நிற்கும். 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டி நிலையங்கள் அமைக்கவும், அங்கே நிற்கும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கவும் நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தக் கட்டணத்தை வசூலிக்கும் உரிமை ஆண்டுதோறும் குத்தகைக்கு ஏலம் விடப்பட்டு, நகராட்சிக்கு நிலையான வருமானமாக வந்தது. அதே சட்டத்தின்படி மோட்டார் வாகனங்கள் நிற்கும் இடமும் வண்டி நிலையம்தான். ஆகவே மோட்டார் எதிர்பாராமல் வந்து ஊரைத் திணறடித்தது என்று சொல்ல முடியாது. அது நிற்பதற்கு ஊரே இடம் தரலாம், அதற்குக் கூலியும் வாங்கலாம் என்ற வழி சட்டத்திலேயே திறந்திருந்தது. பஸ்களுக்கு அந்த வழி பயன்பட்டது. பஸ் ஸ்டாண்டுகள் எழுந்தன. தனி மனிதரின் வண்டிக்கு அதைப் பயன்படுத்த யாரும் முனையவில்லை.

முனையாததற்குக் காரணம் உண்டு. அன்று வாடகைக்குக் குடியிருந்தவர்களிடம் சொந்த வண்டி இல்லை. 1866-இல் நகராட்சியான இந்த ஊரில் கோர்ட்டு, கல்லூரி, 1870-களின் பிற்பகுதியில் வந்த ரயில் என்று ஒவ்வொன்றும் குமாஸ்தாக்களையும் வாத்தியார்களையும் மாணவர்களையும் கொண்டுவந்து சேர்த்தது. அவர்கள் குடியேறியது அடுத்தடுத்துச் சுவரைப் பங்கிட்டுக்கொண்ட வரிசை வீடுகளில். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருப்பதால், அப்படி ஒரு வீட்டை யாரும் நேரில் பார்க்கலாம். தெருவை ஒட்டித் திண்ணை. உள்ளே நுழைந்தால் தெருப்பக்கம் ஜன்னல் வைத்த சிறிய அறை. பிறகு கூடம், சமையலறை, பின்னால் கிணறு. அவருடைய தந்தை புடவைக் கடையில் மாதம் சுமார் 20 ரூபாய் சம்பளத்தில் கணக்கு எழுதியவர். வருமானம் போதாமல், கல்லூரியில் படிக்க வெளியூரிலிருந்து வந்த மாணவர்களுக்கு அந்த வீட்டிலேயே இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். இந்த ஊரின் வாடகைச் சந்தை அப்படித்தான் இருந்தது: வாடகைக்குக் கிடைத்தது ஒரு கூரை, கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர், தூங்க ஒரு பாய் அகலம். ஊருக்குப் போக வேண்டுமானால் ஜட்கா. அது ரயிலடியில் அதற்கென்று இருந்த இடத்தில் நிற்கும். மாடும் வில்வண்டியும் வைத்திருந்த மிராசுதாருக்குக் கொல்லையில் கொட்டில் இருந்தது. குடித்தனக்காரருக்கு வண்டி நிறுத்தும் கேள்வியே எழவில்லை. வீட்டுக்காரர் அதற்கு விலை வைக்கவும் இல்லை.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. இந்தத் தெருக்களின் ஒழுங்கு சாதியின் ஒழுங்கு. அக்ரகாரத்தில் யார் குடியிருக்கலாம், யார் நடக்கலாம், யாருடைய வண்டி எதுவரை வரலாம் என்பதெல்லாம் பிறப்பை வைத்து முடிவானவை. பேட்டை ஊர் எல்லையில் இருந்ததற்குக்கூடச் சரக்கு ஓட்டி வந்தவர்களைத் தெருவுக்குள் விடாத வழக்கமும் ஒரு காரணம் என்று ஒருவர் வாதிட்டால், அதை மறுக்க நான் முன்வர மாட்டேன். அந்தச் சமூகத்தை மீட்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை எங்கும் சொல்லவில்லை. வாடகை வீட்டுச் சந்தையில் சாதி பார்க்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதும், கார் நிறுத்தும் இடம் கிடைக்காததைவிட அது பெரிய தடை என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தின் அநீதியைக் காரணம் காட்டி, அது கடைப்பிடித்த ஒரு நிர்வாக முறையையும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டியதில்லை. பேட்டையின் ஏலமும் கட்டணமும் நகராட்சியின் கணக்கில் வந்தவை. நகராட்சி எல்லோருக்கும் பொதுவானது.

முறிவு எங்கே தொடங்கியது என்று தேடினால் 1931-ஆம் ஆண்டு முக்கியமானதாகப் படுகிறது. அந்த ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம், உள்ளாட்சிகள் தனித்தனியாக மோட்டார் வண்டிகள்மீது வாங்கிவந்த வரியையும் சுங்கத்தையும் நிறுத்தி, மாகாண அரசு ஒரே வரியாக வாங்க ஏற்பாடு செய்தது. இழந்த வருமானத்துக்கு உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத்தொகை தரப்பட்டது. ஊருக்கு ஊர் சுங்கச்சாவடியில் நின்று காசு கட்டிய தொல்லை ஒழிந்தது. பயணத்துக்கு அது நல்லதுதான். ஆனாலும் அதன் பின்விளைவு ஒன்று கவனிக்கப்படவில்லை. மோட்டார் வண்டி வாங்குகிறவர் தன் ஊருக்கு எதுவும் நேரடியாகக் கட்ட வேண்டாம் என்று ஆயிற்று. வண்டி நிற்பது நகராட்சித் தெருவில், வரி போவது அரசுக் கஜானாவுக்கு. பிற்பாடு ஆயுட்கால வரி வந்தபோது, வாங்கும் அன்றே ஒரு தடவை கட்டினால் கணக்கு முடிந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் சைக்கிளுக்கு இருந்த கெடுபிடி வியப்பளிக்கும். உள்ளாட்சிக்கு ஆண்டு வரி கட்டி, தகர வில்லை வாங்கி வண்டியில் பொருத்தாவிட்டால் சைக்கிள்காரர் நடுத்தெருவில் நிறுத்தப்பட்டு அபராதம் கட்டினார். தெருவில் மிகக் குறைந்த இடத்தை அடைத்த வண்டி ஊருக்குப் பதில் சொன்னது. மிக அதிக இடத்தை அடைக்கப் போகும் வண்டிக்கு அந்தக் கடமை இல்லாமல் போயிற்று.

அடுத்தது வாடகைச் சட்டம். இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுத் தட்டுப்பாட்டில் ஆணைகளாகத் தொடங்கி, 1946, 1949 சட்டங்களாக வளர்ந்து, 1960-இல் நிலைபெற்ற கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நகராட்சிகள் அனைத்துக்கும் பொருந்தியது. கட்டடம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், அதனுடன் சேர்த்து விடப்படும் தோட்டம், மனை, புறவீடு, வீட்டுக்காரர் தரும் மேசை நாற்காலி வரை அது கணக்கில் கொண்டது. குடித்தனக்காரர் அனுபவித்து வரும் வசதியைத் தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாது என்றும் விதித்தது. தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டிக் குடித்தனக்காரரை விரட்டும் கொடுமைக்கு அந்தப் பிரிவு பெரிய அணையாக இருந்தது. அதன் நன்மையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சிற்றூர்களில் வண்டி நின்றது எழுதிக்கொடுத்த இடத்தில் இல்லை. வாசலில், ரேழியில், எதிர்வீட்டுச் சுவரோரத்தில், வாய்ப்பேச்சில் நின்றது. எழுத்தில் இல்லாத வசதிக்குச் சட்டத்தின் காவல் எட்டவில்லை. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே கார் கொட்டகையும் மூடிய வாகன நிறுத்தமும் வாடகை இடத்தின் பகுதியாக எழுதப்பட்டிருக்கின்றன. 1960-க்கும் 2021-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஊர்களில் நடந்தது என்ன என்பதை வீட்டு வாசல்களே சொல்லும்.

1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. வாத்தியாரும் பால்காரரும் எல்ஐசி ஏஜெண்டும் வாங்கக்கூடிய விலையில், இருவர் ஏறிப்போகக்கூடிய முதல் வண்டி. அதுவரை சைக்கிளைத் தூக்கி ரேழியில் சாத்தியவர்கள் இதையும் உள்ளே ஏற்றப் பார்த்தார்கள். படிக்கட்டின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகி, பக்கத்தில் நடந்தபடியே வண்டியை ஏற்றுவார்கள். சில வருடங்களில் பலகை போய்ச் சிமெண்டுச் சறுக்கு வந்தது. சறுக்கு நீண்டு சாக்கடையை மூடியது. மூடிய சாக்கடை மழையில் அடைத்துக்கொண்டது. பிறகு திண்ணையின் ஒரு பக்கம் இடிக்கப்பட்டது. மறுபக்கம் கம்பிக் கதவு போட்டு ஜெராக்ஸ் கடையோ தையல் கடையோ ஆயிற்று, ஏனென்றால் கடை வாடகை வீட்டு வாடகையைவிட மேல். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீடுகளில் முன்கட்டு ஒருவருக்கு, பின்கட்டு ஒருவருக்கு, மாடி ஒருவருக்கு என்று போர்ஷன்கள் பிரிந்தன. கொல்லை மனையாக விற்கப்பட்டு அடுத்த தெருவைப் பார்த்து இன்னொரு வீடு எழுந்தது. வண்டி நிற்கத் தகுந்த இடங்கள் கொல்லையும் திண்ணை முகப்பும்தான். இரண்டும் வண்டி பெருகிய அதே காலத்தில் மறைந்தன. ஒரு வண்டிகூட இல்லாத மூன்று தலைமுறைக் குடும்பம் இருந்த வீட்டில் இன்று மூன்று குடித்தனமும் ஐந்து வண்டியும் இருப்பது சாதாரணம். வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைக்குக் கொடுத்தால் பணம் வருகிறது. வண்டிக்கு விட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் தெரு இலவசம்.

புதுக் கட்டட விதிகள் இதைச் சரிசெய்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் குடியிருப்பின் பரப்புக்கேற்ப வாகன நிறுத்தம் வேண்டும் என்கின்றன. அதனால்தான் ஊருக்கு வெளியே எழும் அடுக்ககங்கள் எல்லாம் தரைத்தளத்தைத் தூண்களில் நிறுத்தி, கீழே காருக்கு விட்டுவிட்டு மேலே குடியேறுகின்றன. அந்த ஸ்டில்ட் இடம் பொதுவானது, அதைக் கட்டுநர் தனியே விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் மும்பை வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஆனால் பழைய தெருவில் இந்த விதி என்ன செய்யும்? ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். இருபதடி முகப்புள்ள வரிசை வீட்டில் அது முகப்பின் ஐந்தில் இரண்டு பங்கு. தெருவிலிருந்து உள்ளே திருப்ப வேண்டுமானால், அந்த வாசலுக்கு எதிரே தெருவிலும் யாரும் நிறுத்தக் கூடாது. இதற்கெல்லாம் ஆகும் செலவை ஏற்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் கொலம்பஸ் நகரம் 1923-லேயே அடுக்ககங்களுக்குக் கார் நிறுத்தம் கட்டாயம் என்று விதித்தது. ஓக்லாந்து நகரம் 1961-இல் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் என்று விதித்தபோது ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவும் 18 விழுக்காடு ஏறியது, ஓர் ஏக்கரில் கட்டப்பட்ட வீடுகள் 30 விழுக்காடு குறைந்தன. கார் இல்லாத குடித்தனக்காரரும் அந்த ஏற்றத்தை வாடகையில் கட்டினார். டூவீலர்கூட இல்லாத குடும்பங்கள் நிறைந்த நம் ஊர்களில் அந்த வழியில் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கார் வைத்திருக்க வசதி உள்ளவர் எங்கேயோ நிறுத்திக்கொள்ளட்டும், இதற்கு ஊர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது இன்னொரு ஆட்சேபம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு நான்கு சக்கரம் வைத்திருப்பவர்களில் பலருக்கு வண்டிதான் தொழில். கோயில் கோயிலாக யாத்திரிகர்களை ஏற்றிப்போகும் டாக்ஸிக்காரர், பாத்திரமும் வெற்றிலையும் ஏற்றும் டாடா ஏஸ்காரர், மாற்றலாகி வரும் கிராமச் செவிலியர். வண்டி நிற்க இடமில்லாத வீட்டில் அவர்கள் குடியேற முடியாது. இடமுள்ள வீட்டின் வாடகையைத் தாங்கவும் முடியாது. மேலும், தெருவில் நிற்கும் ஒவ்வொரு காரும் நடக்கிறவர்களைச் சாலை நடுவுக்குத் தள்ளுகிறது. நடந்து போகிறவர்களின் பாதுகாப்புக்காகவும் வண்டிக்கு வேறு இடம் காட்டியாக வேண்டும்.

ஜப்பான் 1962-இல் வேறு வழியில் போயிற்று. வீடு கட்டுகிறவரைக் கேட்காமல், கார் வாங்குகிறவரையே அது கேட்டது: வண்டியை எங்கே நிறுத்துவாய், சான்று காட்டு. அந்த இடம் வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. முதலில் 500 மீட்டருக்குள் என்றும் பிறகு 2 கிலோமீட்டருக்குள் என்றும் வரம்பு வைத்தார்கள். சிற்றூர்கள் பலவற்றுக்கு விலக்கும் கொடுத்தார்கள். வீட்டு வாடகையிலிருந்து வண்டி வாடகை பிரிந்தது. காலி மனை வைத்திருப்பவர் நாலு கோடு போட்டு மாத வாடகைக்கு விடும் தொழில் அங்கே ஊர்தோறும் பரவியது. கார் இல்லாதவர் கூரைக்கு மட்டும் கட்டினார். இங்கேயும் அப்படி வண்டிக்குப் பேட்டை வைக்கலாம் என்றால், நம்மவர்கள் வீட்டு வாசலில் இல்லாத வண்டியை ஏற்க மாட்டார்கள், இரவில் கண்ணில் படாவிட்டால் தூக்கம் வராது என்பார்கள். பேட்டைக்குக் காவலும் விளக்கும் இருந்தால் அந்தப் பயம் தீரும். தங்கள் ஜீவனமான மாட்டையும் வண்டியையும் குத்தகைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு மண்டிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இவர்கள்.

இடம் எங்கே என்பதுதான் கடைசிக் கேள்வி. 2016 மகாமகத்துக்கு லட்சக்கணக்கானோர் வந்தபோது, ஊருக்கு வெளியே தற்காலிகப் பஸ் நிலையங்களும் வாகன நிறுத்தங்களும் அமைத்து, நடுவூருக்குள் வண்டி வராமல் பார்த்துக்கொண்டது இதே ஊர். 2021-இல் மாநகராட்சியான பிறகு அதன் கையில் அதிகாரிகளும் நிதியும் கூடியிருக்கின்றன. தெருவுக்கு ஒன்றாகச் சிறு பேட்டைகள், பத்துப் பதினைந்து வண்டி நிற்கும் அளவில், பாழடைந்து கிடக்கும் கொல்லைகளை உரிமையாளரிடம் குத்தகைக்கு எடுத்து அமைத்தால் போதும். மாதக் கட்டணத்தை மாநகராட்சி வாங்கி, அந்தத் தெருவின் சாக்கடைக்கும் விளக்குக்கும் செலவிடலாம். வண்டி வைத்திருப்பவர் 1931-க்குப் பிறகு முதல் தடவையாகத் தன் தெருவுக்கு நேராக ஏதாவது கொடுத்தவராவார். பஸ் நிலையத்தை ஒட்டி நகராட்சிகள் ஏற்கெனவே நடத்தும் டூவீலர் ஸ்டாண்டுகள் இந்த முறையில்தான் இயங்குகின்றன. டிக்கெட் கிழித்துக் கொடுத்து, வண்டியை வாங்கி வைக்கிறார்கள். அடுத்த மகாமகம் 2028-இல். அதற்காக எப்படியும் நிலம் அளக்கப்படும், டெண்டர் விடப்படும். அளக்கிறபோதே சாரங்கபாணி சன்னதித் தெருவில் போர்ஷனுக்குக் குடிவரும் ஒரு டாக்ஸிக்காரரின் வண்டிக்கும் சேர்த்து அளக்கலாம்.